நெஞ்செலும்புக்கு இன்னும் ஐந்து நாள்

திங்கட்கிழமை சாயங்காலம் பெத்தணனை அவருடைய பல்செட்டே கடித்துவிட்டது.

கம்பெனி கேட்டில் டப்பாவைத் திறந்து, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் வழக்கம்போல மாட்டிக்கொண்டு வாயை மூடினார். அவ்வளவுதான். "ஆத்தாடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் வேனில் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் குதித்து இறங்கிவிட்டார்கள். பட்டாசுக் கம்பெனியில் யாராவது திடீரென்று கத்தினால் நின்று விசாரிக்கிற பழக்கம் கிடையாது.

"ஒண்ணுமில்ல, ஏறுங்க ஏறுங்க" என்று கையைக் காட்டிவிட்டுக் கன்னத்தைப் பிடித்தபடி பெத்தணன் வீடு வந்து சேர்ந்தார்.

"என்னங்க, மொகமெல்லாம் கோணிப்போய் வாறீக?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"பல்லு கடிக்கிது."

"யாரை?"

"என்னையத்தேன்!"

"அப்பக் களத்தி வைங்க."

"களத்தி வச்சுட்டுச் சனிக்கிழமை எலும்ப எத வச்சுக் கடிப்பேன்? உன் பல்லக் கடன் வாங்கவா?"

குருவம்மாளுக்கு அறுபத்திரண்டு வயதில் முப்பது பல் முழுசாக நின்றது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பல் விளக்கிவிட்டுத்தான் படுப்பாள். இதை நாற்பது வருசமாகக் கேலி பண்ணியவர் பெத்தணன். "ராத்திரியில பல்லு வெளக்கி யாருக்குக் காட்டப் போற?" என்பார். இப்போது அவள் காராச்சேவு கடிக்கும்போதெல்லாம் அந்தக் கேலிக்கான பதில் 'நறுக் நறுக்' என்று அவர் காதில் விழும்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெத்தணன் பேக்கிங் ஷெட் போர்மேன். வயது அறுபத்தேழு. ஒன்றரை வருசத்துக்கு முன்னால் விருதுநகரில் நடந்த இலவசப் பல் முகாமில் வாங்கிய செட்டு அது. உடையாமல் இருக்க உள்ளே கம்பிவலை வைத்துச் செய்திருந்தார்கள். அங்கேதான் வம்பு வந்தது. முகாம் முடிந்த அடுத்த மாதமே, உடம்பில் ஒரு துணுக்கு இரும்போடு யாரும் உள்ளே வரக் கூடாது என்று கம்பெனியில் உத்தரவு போட்டுவிட்டார்கள். பெண்கள் ஊக்கையும் மெட்டியையும் கழற்றி வைத்தார்கள். ஆண்கள் சாவியையும் பெல்ட்டையும் கழற்றி வைத்தார்கள். பெத்தணன் பல்லைக் கழற்றி வைத்தார்.

காலை எட்டு மணிக்கு வாச்மேன் தேவாசீர்வாதத்திடம் பல்லைக் கொடுத்தால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் திரும்பக் கிடைக்கும். நடுவில் ஒன்பதரை மணி நேரம் பொக்கை வாயோடு போர்மேன் வேலை. பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்களே, அதனால் அவர் அதட்டுவதையே விட்டுவிட்டார். மத்தாப்பு டப்பாக்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பாதி நேரம் கண் திறந்தபடியே கனவு கண்டுகொண்டிருப்பார். கனவில் வருவதெல்லாம் முறுக்கு, வறுகடலை, விருதுநகர்ப் பொரிச்ச புரோட்டா. ஷெட்டில் வேலை அதுபாட்டுக்கு நடக்கும்.

ஆனால் இந்த வாரம் கனவில் வேறெதுவும் வரவில்லை, நெஞ்செலும்பு ஒன்றுதான் வந்தது.

சிவராத்திரிக்கு மறுநாள் வெம்பக்கோட்டை போகிற வழியில் இருக்கிற பெரியகருப்பன் கோயிலில் பெத்தணன் வகையறா கிடா வெட்டும். பந்தியில் முதல் இலை மூத்த பங்காளிக்கு. அந்த இலையில் கிடாவின் நெஞ்செலும்பை வைப்பார்கள். அதை அவர் எல்லார் முன்னாலும் கடித்து உடைக்க வேண்டும். சத்தம் கேட்ட பிறகுதான் மற்ற இலைகளுக்குச் சோறு. கடிக்க முடியவில்லை என்றால் மரியாதையாக எழுந்து அடுத்த மூத்தவருக்கு இலையை விட்டுவிட வேண்டும். விட்டால் விட்டதுதான். அப்புறம் கோயில் காரியம் எதற்கும் அவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த அடுத்த மூத்தவர் பெத்தணனைவிட நாற்பது நாள் இளையவர். பெயர் ராக்கப்பன். சித்தப்பா மகன். அதே கம்பெனியில் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிற ஷெட்டுக்குப் போர்மேன். அதே முகாமில் அதே நாளில் பல்செட்டு வாங்கியவர். அதே தாடை, அதே மூக்கு. இரண்டு பேருக்கும் ஆறு வருசமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

காரணம், இரண்டு பேர் காட்டுக்கும் நடுவே வரப்பில் நின்ற ஒரு வேப்பமரம். மரம் பட்டுப்போய், வெட்டுப்பட்டு, அடுப்பில் எரிந்து சாம்பலாகவும் போயிற்று. சண்டை மட்டும் பச்சையாகவே நின்றது. 'ராக்கப்பன் வீட்டுப் பச்சத்தண்ணி என் பல்லுல படாது' என்று பெத்தணன் கோயிலில் சத்தியமே செய்திருந்தார். அந்த மரத்தில் ஆளுக்கொரு குச்சி ஒடித்துத் தினமும் தேய்த்திருந்தால் இரண்டு பேருக்கும் நாலு பல்லாவது மிஞ்சியிருக்கும். எங்கே, சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது!

செவ்வாய்க்கிழமை காலையில் குருவம்மாள் கிராம்பையும் பூண்டையும் அரைத்து ஈறில் அப்பிவிட்டாள். கடிக்கிற பக்கம் மரத்துப்போனது. மற்ற எல்லாப் பக்கமும் தீப்பிடித்தது. மத்தியானம் கம்பெனியில் ஆறிய கஞ்சி குடிக்கும்போதுகூடப் பெத்தணன் கண்ணில் தண்ணீர் ஓடியது.

"போர்மேன் ஐயாவுக்கு வீட்டுல என்ன கஷ்டமோ" என்று பேக்கிங் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

புதன்கிழமைக் காலையில் செட்டு இன்னொரு குணம் காட்டியது. இடது பக்கம் கடித்தது, வலது பக்கம் ஆடியது.

"ஆட்டந்தான் கடிக்குக் காரணம்" என்று பெத்தணனே முடிவு செய்தார். "அசையாம ஒட்டி வச்சுட்டா வலிக்காதுல்ல?"

"எத வச்சு ஒட்டுவீக?"

காட்டு ஓரத்தில் கருவேலமரம் நின்றது. பிசினை உருட்டி எடுத்து வந்து, வெந்நீரில் கரைத்து, செட்டில் தடவி மாட்டிக்கொண்டார். ஒரு நிமிசம் சுகமாகத்தான் இருந்தது. செட்டு அசையவே இல்லை. எட்டு மணிக்குக் கேட்டில் வந்து கழற்றப் பார்த்தால் அப்போதும் அசையவில்லை.

"பல்லு குடுங்கய்யா" என்று டப்பாவை நீட்டினார் தேவாசீர்வாதம். ஐம்பது வயசு, சாதுவான மனிதர். ஊக்கு முதல் பல் வரை கேட்டில் வாங்கி வைத்துப் பெயர் எழுதிக் காப்பது அவர் வேலை.

பெத்தணன் இழுத்தார். ஆட்டினார். குனிந்து நின்று இழுத்தார். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"வரலப்பா. இன்னைக்கு ஒரு நாளு அப்படியே போறேன்."

"கம்பி இருக்குல்லய்யா உள்ள. விட்டா என் வேலை போயிரும்."

"நான் என்ன பல்லக் கொண்டுபோய் வெடிமருந்துலயா உரசப் போறேன்?"

"உத்தரவுய்யா."

வரிசையிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராக்கப்பன் தன் டப்பாவை ஒப்படைத்துவிட்டு, கன்னம் ஒட்டிப்போன முகத்தோடு இவரைத் தாண்டிப் போனார். ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில்தான் பெத்தணனுக்குப் பொறி தட்டியது. கேட்டுப் பலகையில் தினமும் இருப்பது இரண்டே இரண்டு பல் டப்பா. இரண்டும் முகாமில் கொடுத்த ஒரே மாதிரி வெள்ளை டப்பா. சனிக்கிழமை எலும்பு. பெத்தணன் விட்டால் ராக்கப்பன்.

"ஏய்யா தேவாசீர்வாதம், திங்கக்கிழமை என் டப்பாவ யாராச்சும் தொட்டாகளா?"

தேவாசீர்வாதத்துக்குக் குப்பென்று வேர்த்தது. "யாரு... யாருய்யா தொடப்போறா?" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது பெத்தணனுக்கு. 'பயல் வாச்மேனை வளைத்துப் போட்டுவிட்டான். என் பல்லைத் தூக்கிக்கொண்டு அவன் பல்லை எனக்கு வைத்துவிட்டான். எலும்புக்காக!'

அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு விருதுநகர் பஸ் ஏறினார். பல் டாக்டர் ஜாஸ்பின், முகாமில் அளவெடுத்த அதே அம்மா, வெந்நீரைக் கொப்பளிக்கக் கொடுத்துக் கொடுத்துக் கால்மணி நேரத்தில் செட்டை வெளியே எடுத்தார்.

"இதென்னய்யா, பிசினா? தபால் ஒட்டவா வந்தீங்க?"

"டாக்டரம்மா, ஒரே ஒரு கேள்வி. இது என் வாய்க்குப் பொருந்துதா, பொருந்தலையா?"

டாக்டர் வாயைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார். "பொருந்தலைய்யா. ஆனா ஏன்னு கேளுங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாங்கன்னு அன்னைக்கே சொன்னேன். ஒன்றரை வருசம் கழிச்சு வர்றீங்க. பல்லு போன பிறகு ஈறு தேயும், எலும்பு கரையும். செட்டு அப்படியே இருக்கும், வாய் மாறிரும். வயசானா பல்லு போகும்னு நீங்களா சொல்லிக்கிறீங்க. பார்க்காம விட்டாத்தான் போகும். அது போனா சரியாச் சாப்பிட முடியாது, அப்புறம் உடம்பும் போகும். ஒரு வாரம் இதைப் போடாதீங்க, புண்ணு ஆறட்டும். திங்கக்கிழமை வாங்க, திருத்தித் தர்றேன்."

இவ்வளவிலும் பெத்தணன் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான். பொருந்தலை. அது போதும். திங்கட்கிழமை எதற்கு? எலும்பு சனிக்கிழமை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காற்றில் மார்க்கெட்டின் வத்தல் நெடி. வெயிலில் கரிசல் காடு பளபளவென்று ஆடியது. கண் சொக்கியது. வெம்பக்கோட்டை அணை கரை முட்டக் கிடக்கிறது. தண்ணீர்மேல் நெஞ்செலும்புகள் வரிசையாக மிதந்து வருகின்றன. கரையில் பெரியகருப்பசாமி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். சாமிக்கு ஒரு பல்கூட இல்லை.

"பெத்தணா, ஒரு நாளைக்கு உன் செட்டத் தாயேன்" என்கிறார் சாமி.

"சாமி, இது எனக்கே சேரலையே" என்று பெத்தணன் அழுகிறார்.

"யோவ் பெரியவரே, தாயில்பட்டி எறங்கு" என்று கண்டக்டர் தோளைத் தட்டினார்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. லோடு லாரி வந்து, தேவாசீர்வாதம் பெரிய கேட்டைத் திறக்கப் போனார். அந்த நேரம் பார்த்துப் பெத்தணன் பலகைக்குப் போய், தன் டப்பாவிலிருந்த செட்டை ராக்கப்பன் டப்பாவிலும், ராக்கப்பன் டப்பாவிலிருந்ததைத் தன் டப்பாவிலும் மாற்றி வைத்துவிட்டார். அறுபத்தேழு வயதில் முதல் திருட்டு. மனசு அப்படி லேசாகிவிட்டது. அன்று முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து எலும்பு கடித்துக்கொண்டிருந்தார், கனவில்தான்.

ஐந்தரைக்கு டப்பாவை வாங்கி, ஆசையாக மாட்டி, வாயை மூடினார்.

கடித்தது. அதே இடம். அதே கடி.

பெத்தணனுக்குத் தலை சுற்றியது. முன்னே இருந்ததும் என்னுடையது இல்லை, இப்போது இருப்பதும் என்னுடையது இல்லை என்றால் என் பல் எங்கே? வெள்ளிக்கிழமை அவர் ஊரில் சிரித்தவர்கள் வாயையெல்லாம் உற்றுப் பார்த்தார். டீக்கடைக்காரர் சிரித்தபடி டீயை நீட்ட, "எங்கன வாங்குன பல்லு?" என்று கேட்டுவிட்டார். சொந்தப் பல் வைத்திருந்த டீக்கடைக்காரர் அன்று முழுக்க அவருக்கு இரண்டாவது டீ தரவில்லை.

"பேசாம மேலுக்குச் சரியில்லன்னு வீட்டுல இருந்துருங்க" என்றாள் குருவம்மாள்.

"இருந்தா?"

"இருந்தா என்ன, ராக்கப்பன் கொழுந்தன் கடிச்சுட்டுப் போறாரு." சொன்னவள் புருசன் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "இல்லங்க, வாங்க. அங்கன வந்து பாத்துக்கிடுவோம். சாமி இருக்கு."

அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். எலும்பு போனால் போகட்டும், எல்லார் முன்னாலும் இலையை விட்டு எழுந்து நிற்க வேண்டுமே, அதுதான் அவரை அரித்தது.

சனிக்கிழமை மத்தியானம். கோயில் கொட்டகையில் இலை போட்டாயிற்று. கறிக்குழம்பு மணம் அணைக்கரை வரை போயிற்று. இருநூறு பங்காளிகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பெத்தணன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "கை கழுவிட்டு வாறேன்" என்று புளியமரத்துக்குப் பின்னால் நழுவினார். கடைசியாக ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைப்பு.

அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் குத்தவைத்து உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ராக்கப்பன். முன்னால் தரையில் வெள்ளை டப்பா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆறு வருசம்.

"உனக்குமாலே?" என்று கேட்டுவிட்டார் பெத்தணன்.

ராக்கப்பன் தலையை ஆட்டினார். "திங்கக்கிழமையில இருந்துண்ணே. தண்ணி குடிக்க முடியல. நீ எலும்பக் கடிச்சுட்டன்னா அடுத்து என் எலையிலயும் கறி வைப்பாக. அத எப்படித் திங்கன்னுதான் ஒளிஞ்சு உக்காந்திருக்கேன்."

"அப்ப என் பல்ல நீ மாத்தலையா?"

"நானா? நீதான் மாத்துனேன்னு நெனச்சு, வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல நான்தான் மாத்தி எடுத்தேன்."

"மத்தியானமா? நான் காலையில பத்து மணிக்கே மாத்திட்டனேடா!"

"அப்ப நீ மாத்துனத நான் பழையபடி மாத்திட்டேன்."

"ஆமாலே."

இரண்டு பொக்கை வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. சிரிப்பு வந்தது, நிற்கவே இல்லை. புளியமரத்தடியில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்க, கண்ணீர் வர, இரண்டு கிழவர்கள் சிரித்தார்கள்.

"அப்ப உன் பல்லு இன்னும் என்கிட்டத்தேன், என் பல்லு உன்கிட்டத்தேன் இருக்கு, கொடு இங்கிட்டு" என்றார் பெத்தணன்.

டப்பாக்கள் கை மாறின. தண்ணீர்க் கேனில் இரண்டு செட்டையும் தேய்த்துக் கழுவினார்கள். மாட்டினார்கள். வாயை மூடினார்கள்.

கடிக்கவில்லை. ஆடவில்லை. பெத்தணன் நாக்கால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். ஐந்து நாளாக வெளியூரில் அலைந்துவிட்டுத் தன் வீட்டு வாசல்படியில் கால் வைத்த மாதிரி இருந்தது. மேலே புளிய இலைகள் வெயிலில் அசைந்தன. தூரத்தில் தண்ணீர் மினுங்கியது. இது பஸ்ஸில் கண்ட கனவின் மிச்சமோ என்று கையைக் கிள்ளிக்கூடப் பார்த்தார். வலித்தது. வாய் மட்டும் வலிக்கவில்லை.

"எம்புட்டு சொகமா இருக்குண்ணே" என்றார் ராக்கப்பன்.

"தன்னோடது தன்னோடதுதான்டா. அடுத்தவன் பல்லு நமக்குச் சேருமா?"

தோளில் கை போட்டபடி இரண்டு பேரும் கொட்டகைக்குள் வந்ததைப் பார்த்து இருநூறு பங்காளிகளும் பசியை மறந்தார்கள். குருவம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெத்தணன் முதல் இலையில் உட்கார்ந்தார். நெஞ்செலும்பு விழுந்தது. எடுத்தார். கடித்தார்.

நறுக்!

கடைசி இலை வரைக்கும் கேட்டது. குலவைச் சத்தம் எழுந்தது. பெத்தணன் உடைந்த பாதியை எடுத்து, வகையறாவில் அதுவரை யாரும் செய்யாத ஒரு காரியமாக, ராக்கப்பன் இலையில் வைத்தார். "தின்னுடா தம்பி" என்றார். ராக்கப்பன் அழுதுகொண்டே கடித்தார். அங்கேயும் நறுக்!

பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது வாச்மேன் தேவாசீர்வாதம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"வாங்கய்யா, கை நனைச்சுட்டுப் போங்க" என்று கூப்பிட்டார் பெத்தணன்.

"லெந்து நாளுய்யா, ஈஸ்டர் வரைக்கும் கறி திங்க மாட்டேன். மனசுல ஒரு பாரம். எறக்கி வச்சுட்டுப் போகத்தான் வந்தேன்." அவர் கையைப் பிசைந்தார். "திங்கக்கிழமை உங்க ரெண்டு பேரு பல்லையும் மாத்தி வச்சது நான்தான்யா."

பெத்தணன் வாய் நிறையச் சிரித்தார். "அட, போகுது விடும்யா! உம்ம புண்ணியத்துல ஆறு வருசப் பகை தீந்துச்சு. இப்பத்தான் அந்தா, அந்த மரத்தடியில அவுகவுக பல்ல அவுகவுக எடுத்து மாட்டிக்கிட்டோம். பாருங்க, எப்படி உக்காந்திருக்கு!"

தேவாசீர்வாதம் முகம் வெளிறிப்போனது. அவர் பெத்தணன் வாயைப் பார்த்தார், ராக்கப்பன் வாயைப் பார்த்தார், சைக்கிள் பிடியை இறுக்கிக்கொண்டார்.

"அய்யய்யோ, நீங்க செட்டு வாங்குன புதுசுல, முந்துன வருசம் ஐப்பசி மழையில ரெண்டு டப்பாவும் கீழ விழுந்து நான் மாத்தி வச்சத, ஒன்னேகால் வருசமாச் சொல்லப் பயந்து, இந்தத் திங்கக்கிழமைதான்யா சரி பண்ணி அவுகவுக பல்ல அவுகவுக டப்பாவுல வச்சேன்!"